ஆட்டக்களத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை?

களக்காடு, நாங்குநேரி வட்டாரத்தில் பொங்கலுக்கோ கோவில் கொடைக்கோ கபடிப் போட்டி நடக்காத ஊர் குறைவு. பகலெல்லாம் ஏத்தன் தோட்டத்தில் வாழைத்தார் சுமந்த இளைஞன், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் செம்மண் களத்தில் இறங்கிப் பாடிப் போகிறான். அவனைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கிறது. டிக்கெட் கிடையாது, நாற்காலியும் கிடையாது. நாற்காலி மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அந்த மேடைக்கு வந்து பரிசுக் கோப்பை கொடுக்கும் பெரிய மனிதர் ஒருவர், சட்டைக்குள்ளே இடுப்பில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் சட்டம் என்ன சொல்லும்? "லைசென்ஸ் இருந்தால் சரிதானே, அது அவர் உரிமை" என்று நம்மவர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு தவறு. தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட.

நம் நாட்டில் துப்பாக்கி பற்றிய சட்டம் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. அந்த ஆண்டு விதிகளோடு சேர்ந்த லைசென்ஸ் படிவத்தில், சீட்டு வாங்குகிறவர் அனுசரிக்க வேண்டிய நிபந்தனைகள் அச்சிடப்பட்டன. அதில் ஒன்றை நம் வாசகர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஜில்லா மாஜிஸ்திரேட் விசேஷமாக அனுமதி கொடுத்தாலொழிய, லைசென்ஸ்தாரர் தம் ஆயுதத்தைத் திருவிழாவுக்கோ, மத ஊர்வலத்துக்கோ, பொதுஜனங்கள் கூடும் வேறு கூட்டத்துக்கோ, கல்வி நிலைய வளாகத்துக்கோ கொண்டுபோகக் கூடாது. இதுதான் அந்த நிபந்தனை. இதில் கபடி என்ற சொல் இல்லை என்பது வாஸ்தவம். ஆயிரம் பேர் கூடும் கொடைவிழாக் கபடி பொதுக்கூட்டம் இல்லை என்றால் வேறு எதுதான் பொதுக்கூட்டம்? பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி நடந்தாலோ சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டு வகையிலும் தடை பொருந்துகிறது.

ஆகவே லைசென்ஸ் என்பது எங்கும் துப்பாக்கியோடு திரியலாம் என்று சர்க்கார் எழுதிக்கொடுத்த பட்டயம் அல்ல. வீட்டையும் உயிரையும் காத்துக்கொள்ள நிபந்தனையோடு கொடுத்த அனுமதி, அவ்வளவே.

மறைத்து வைப்பது குற்றமா என்று கேட்டால், இங்கேதான் சட்டத்தின் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2016இல் வந்த புதிய ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துப்போகிறவர் அதை உறையிலிட்டு, முழுக்க மூடி, தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சொல்கின்றன. வெளியே காட்டி மிரட்டக்கூடாது என்பதே நோக்கம். நோக்கம் நியாயமானதுதான். ஆனால் விளைவு என்ன? பக்கத்தில் நிற்பவனுக்குத் துப்பாக்கி இருப்பதே தெரியாது. கடைத்தெருவில் இப்படி மூடிக்கொண்டு போவதைச் சட்டம் கட்டளையே இடுகிறது. அதே துப்பாக்கி அதே உறையோடு கூட்டத்துக்குள் நுழைந்தால் நிபந்தனை மீறல். குற்றம் மறைத்ததில் இல்லை, கொண்டுவந்த இடத்தில் இருக்கிறது. மேடையில் உட்கார்ந்திருப்பவரின் சட்டைக்குள் இருப்பதை யார் பார்ப்பது? தடவிப் பார்க்கிறவன் இல்லாத ஊரில் இந்த நிபந்தனை வெறும் காகிதம்.

தண்டனையைப் பார்ப்போம். லைசென்ஸ் நிபந்தனையை மீறுகிறவருக்குச் சட்டத்தின் 30வது பிரிவு விதிப்பது அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டாயிரம் ரூபாய்! மேடையில் அறிவிக்கும் பரிசுத் தொகையில் ஒரு மூலைக்கு வருமா? மறுபக்கம், லைசென்ஸ் இல்லாமல் ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்து பிடிபட்டவனுக்கு 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் ஐந்து வருஷம் சிறை. கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்காக நாம் வாதாடவில்லை. அவனுக்குத் தண்டனை வேண்டியதுதான். ஆனால் கூட்டத்தின் நடுவே நுழைந்துவிட்ட துப்பாக்கி லைசென்ஸ் உள்ளதா இல்லாததா என்று குண்டு பார்ப்பதில்லை. குண்டு பார்க்காத வித்தியாசத்தைச் சட்டம் மட்டும் இத்தனை கூர்மையாகப் பார்க்கிறது.

அதே 2019 திருத்தம் இன்னொன்றும் செய்தது. கல்யாணத்திலும் கோவிலிலும் பொதுக்கூட்டத்திலும் கொண்டாட்டத்துக்காகத் துப்பாக்கி வெடிப்பதைத் தனிக் குற்றமாக்கி, இரண்டு வருஷச் சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று வைத்தது. வட மாநிலங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடப்போய் மனிதர்கள் செத்த பிறகு வந்த புத்தி இது. நல்லதுதான். ஆனால் வெடித்த பிறகு ஒரு லட்சம், வெடிக்கும் முன் இரண்டாயிரம் என்றால், கொண்டுவருவதைத் தடுக்கச் சட்டத்துக்கு மனமில்லை என்றுதானே பொருள்? ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்போவதாகச் சொல்லித்தான் அந்த மசோதாவையே கொண்டுவந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் இரண்டு என்று இறங்கி வந்தார்கள். எதிர்த்தவர்கள் கூலிக்காரர்கள் அல்ல என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

யாருக்குக் கிடைக்கிறது இந்த லைசென்ஸ்? சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி ஒருவருக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14வது பிரிவு சொல்கிறது. படித்தால் மனசு குளிர்கிறது. அதற்கு முந்தைய 13வது பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. பயிர்க் காவலுக்கு என்று விவசாயிக்கு அது குறிப்பிடுவது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழங்காலத் துப்பாக்கி. ரிவால்வருக்கும் பிஸ்தலுக்குமோ, 'தக்க காரணம்' இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில் புரட்டிப்போடும் வாழைக்குக் கிடைக்காத 'தக்க காரணம்', பணமும் பகையும் உள்ளவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. போலீஸ் அறிக்கை, விசாரணை, சிபாரிசு என்று நடக்க நமக்கு நேரமேது?

நேரம் இருந்தாலும் விலை? 2014 ஜனவரியில் மத்திய சர்க்காரின் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற சின்ன ரிவால்வரை வெளியிட்டது. பெண்களின் பாதுகாப்புக்கு என்று விளம்பரம். விலை 1,22,360 ரூபாய். அந்தச் சமயம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 148 ரூபாய். ஒரு பைசா செலவழிக்காமல் 827 நாள் மண்வெட்டினால்தான் அந்தப் பாதுகாப்பு ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்கும். வருஷத்துக்கு நூறு நாள்தான் வேலை என்றால் எட்டு வருஷத்துக்கு மேல். களை பறிக்கப் போகும் நம் சகோதரிகளின் பாதுகாப்பைப் பற்றி இப்படியும் சிந்திக்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆயுதத்தைப் பற்றிய இந்தப் பாரபட்சம் நேற்று முளைத்ததல்ல. திருநெல்வேலிச் சீமைக்கு இது பழைய கதை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட வெள்ளையன், 1801இல் ஊமைத்துரையின் எழுச்சியையும் அடக்கிவிட்டு, அந்த டிசம்பரிலேயே பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பிரகடனம் போட்டான். 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றது; ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. இந்த அவமானத்தை எதிர்த்துத்தான், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம் பெற்றது.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் அந்த உரிமையை எழுதவில்லை. வேறொன்றை எழுதியது. 19வது ஷரத்து, குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவதற்கு உரிமை தந்தது. ஆயுதமின்றிக் கூடுவது! தொழிலாளியின் உரிமை இதுதான். சங்கக் கூட்டமானாலும், மில் கேட் கூட்டமானாலும், கபடிக் கூட்டமானாலும் நாம் வெறுங்கையோடு கூடுகிறோம். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒருவர் மட்டும் துப்பாக்கியோடு உட்கார்ந்தால் மற்ற ஆயிரம் பேரின் உரிமையையும் அவர் தம் இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

நம் ஆற்றோரத்து ஜில்லாவில் மறைத்துக் கொண்டுபோன துப்பாக்கி என்றதும் மணியாச்சியும், 1911 ஜூன் 17ஆம் தேதியும், கலெக்டர் ஆஷும் நினைவுக்கு வரும். வாஞ்சிநாதனின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் தனி மனிதன் கையிலுள்ள பிஸ்தலால் அடிமைத்தனம் போகாது என்பதை அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1908இல், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து காட்டியிருந்தார்கள். வெறுங்கையோடு நின்று ஜெயித்தார்கள்.

இனி யாரைச் சோதனை போடுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டும் மில் தொழிலாளியைத் தடவிப் பார்ப்பது பல ஆலைகளில் தினசரி வழக்கம். ஒரு கண்டு நூல் மடியில் இருந்தால் வேலை போய்விடும். மேற்கே மலையடிவாரத்தில் கதை இன்னும் மோசம். முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாகி, இரண்டும் சேர்ந்து 1988இல் புலிகள் காப்பகமாயின. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம், எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் அகராதியில் கத்தியும் ஆயுதம். ஆகவே விறகு பொறுக்கப் போகும் கூலிக்காரி, இடுப்புக் கத்தியின் காரணமாக, ஆயுதம் தாங்கியவளாகிவிடுகிறாள். காட்டைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விறகுக் கத்தியைத் தேடிப் பிடிக்கும் கண்ணுக்கு மேடையில் இருக்கும் ரிவால்வர் ஏன் தெரிவதில்லை என்றுதான் கேட்கிறோம்.

அரிவாள் விஷயத்தில் 1959 ஆயுதச் சட்டமே தெளிவாக இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்யப்பட்ட பொருள்களை அது 'ஆயுதம்' என்ற சொல்லிலிருந்தே விலக்கியிருக்கிறது. கதிரரிவாளும் இலை அறுக்கும் கத்தியும் கருவிகளே. நம் கொடியிலேயே இருக்கும் அரிவாள் அது. தோட்டத்திலிருந்து நேரே ஆட்டம் பார்க்க வந்தவனின் சைக்கிளில் தொங்கும் கதிரரிவாளைக் காட்டி ஆயுத வழக்குப் போடுவது சட்டத்துக்கே விரோதம்.

"நெல்லைச் சீமையில் எங்கே ஐயா பிஸ்தல்? இங்கே வெட்டு விழுவதெல்லாம் அரிவாளால்தானே?" என்று ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். இதை மழுப்ப நாம் தயாரில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளிக்கூடம் போகும் பையன்களே அரிவாளோடு ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் புகுந்து, அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் தமிழ்நாடு சர்க்கார் நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. மாணவரிடையே சாதி வேற்றுமையை ஒழிக்கும் வழிகளைப் பற்றி 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். வெட்டுவதற்கென்றே அடித்துச் செய்த வீச்சரிவாள் விவசாயக் கருவியல்ல. அதைத் தூக்கியவன் எந்தச் சாதியானாலும், எவ்வளவு ஏழையானாலும், அவன் நம் வர்க்கத்துக்குச் செய்வது துரோகம். இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவன் சங்கத்தில் இருக்கத் தகுதியில்லை.

ஆனால் அரிவாள் இருப்பதனாலேயே துப்பாக்கி பற்றிப் பேச வேண்டியதில்லை என்ற வாதம் தலைகீழ் வாதம். சாதிப் புகைச்சல் உள்ள சீமை என்பதால்தான் அதிகமாகப் பேச வேண்டும். கபடியில் கைகலப்பு வருவது சகஜம். கோட்டைத் தொட்டானா தொடவில்லையா என்று நடுவரோடு தகராறு, சட்டைப் பிடி, பிறகு இரண்டு பேரும் டீக்கடையில். அந்தத் தகராறில் இரண்டு பக்கமும் இரண்டு தெருக்காரர்கள் நிற்கும்போது இடுப்பில் ஒரு பிஸ்தல் இருந்தால் டீக்கடைக்குப் போக வழியில்லை. அரிவாளைக் கண்டால் ஓடலாம், ஓடியவர்கள் பிழைத்திருக்கிறார்கள். குண்டுக்கு முன்னால் எந்த ஓட்டக்காரன் ஜெயித்தான்?

பஞ்சாபைப் பாருங்கள். அங்கே கபடி நம்மைப்போலவே விவசாயிகளின் ஆட்டம். வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்தது, கோப்பைகள் பெருத்தன, சங்கங்கள் ஒன்றுக்கொன்று பகையாயின. 2022 மார்ச் 14 அன்று ஜலந்தர் ஜில்லாவில் மல்லியான் கிராமத்தில் போட்டி நடந்துகொண்டிருந்த இடத்திலேயே சர்வதேச கபடி வீரர் சந்தீப் நங்கல் அம்பியானைச் சுட்டுக் கொன்றார்கள். கபடிச் சங்கங்களுக்கு இடையிலான அதிகாரப் போட்டியே பின்னணி என்று போலீஸார் சொன்னார்கள். அந்த நவம்பரில் பஞ்சாப் சர்க்கார் பொது இடங்களில் துப்பாக்கியைக் காட்டித் திரிவதற்குத் தடை போட்டது, துப்பாக்கியைப் புகழும் பாட்டுகளுக்கும் தடை போட்டது. பலன்? 2025 டிசம்பரில் மொகாலி பக்கம் சோஹானாவில் கபடிப் போட்டிக்கு நடுவே இன்னொரு கொலை. செல்ஃபி எடுத்துக்கொள்ள வந்த ரசிகர்கள் போல நெருங்கிச் சுட்டார்கள் என்று போலீஸ் கூறியது. காட்டித் திரிவதைத் தடுத்தார்கள். மறைத்துக் கொண்டுவந்ததைத் தடுக்கவில்லை.

பஞ்சாபுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 2016 டிசம்பர் முடிவில் நாடு முழுவதும் சுமார் 33.7 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 12.8 லட்சம், பஞ்சாபில் சுமார் 3.6 லட்சம். தமிழ்நாட்டின் பங்கு இவற்றுக்குப் பக்கத்திலேயே வராது. இது நமக்கு ஒரு பாக்கியம். நோய் வராத உடம்பில் தடுப்பூசி சுலபம். இப்போதே போட வேண்டும்.

"நல்லவர் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவனை அடக்கலாம்" என்று சொல்லும் மேதாவிகளும் உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவே பதில். அங்கே மிசௌரி மாகாணத்தில் 2017 முதல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டே தேவையில்லை. 2024 பிப்ரவரி 14 அன்று அந்த மாகாணத்தின் கன்சாஸ் சிட்டியில், கால்பந்து சாம்பியன் பட்டம் வென்ற அணிக்கு வெற்றி ஊர்வலம். அது அவர்கள் ஊர்க் கால்பந்து, கையால் ஆடுவது. எண்ணூறுக்கு மேற்பட்ட போலீஸார் காவல். கூட்டத்தில் வாய்த்தகராறு முற்றித் துப்பாக்கிகள் வெளியே வந்தன. ஒரு பெண் செத்தார். இருபதுக்கு மேற்பட்டோர் காயம்பட்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். எண்ணூறு நல்லவர்கள் துப்பாக்கியோடு நின்ற இடம் அது!

இன்னொரு மாகாணம் டெக்ஸாஸ். துப்பாக்கிக்குக் கோவில் கட்டாத குறை. 2021 செப்டம்பரிலிருந்து அங்கேயும் கைத்துப்பாக்கி எடுத்துப்போக லைசென்ஸ் வேண்டியதில்லை. அந்த டெக்ஸாஸின் தண்டனைச் சட்டம்கூட, பள்ளி, கல்லூரி, தொழில்முறை ஆட்டங்கள் நடக்கும் இடத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைக் குற்றம் என்கிறது. அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது குடிமகனின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னபோதும், சில இடங்களில் தடுக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. துப்பாக்கி விற்றே கொழுக்கும் கம்பெனிகளின் தேசத்துக்கே ஆட்டக்களத்தில் துப்பாக்கி கூடாது என்று தெரிகிறது.

ஆட்டத்தை விட்டு ஒரு நிமிஷம் விலகி, ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மிராசுதாரின் துப்பாக்கி என்பது நமக்கு ஏட்டுச் செய்தியல்ல. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் அரைப்படி நெல் கூலி உயர்வும் செங்கொடியும் கேட்ட விவசாயத் தொழிலாளர்கள்மீது நிலச்சுவான்தார்களின் கும்பல் துப்பாக்கியோடுதான் வந்தது. துப்பாக்கிக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் ஒதுங்கியவர்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், வெந்து செத்தார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் முதலாளிகளை விடுதலை செய்தபோது, காரும் சொத்தும் உள்ள கௌரவஸ்தர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது. பெரிய மனிதர் தப்புச் செய்யமாட்டார் என்ற அந்த நம்பிக்கைதான் இன்றைக்கும் கபடி மேடையில் சோதனை போடாமல் விடுகிறது.

அதோடு, பாதுகாப்பு என்ற பெயரைக் கேட்டதும் போலீஸ் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடவும் நாம் சொல்லவில்லை. இந்த ஜில்லாவின் ஜனங்களுக்கு ஞாபக சக்தி உண்டு. 1908 மார்ச் 13 அன்று வ.உ.சி. கைதை எதிர்த்துக் கூடிய கூட்டத்தின்மேல் திருநெல்வேலியில் போலீஸ் சுட்டு நான்கு பேர் செத்தார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களைத் தடியால் விரட்டி, தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து வந்த ஜனங்களைச் சுட்டார்கள். 13 பேர் மாண்டார்கள். துப்பாக்கி வரும் என்ற பயத்தைச் சாக்காக வைத்து கபடியையே தடைசெய்வது சுலபமான வழி. இப்போதே பல ஊர்களில் போட்டி நடத்த அனுமதி கேட்டு மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வரை அலைய வேண்டியிருக்கிறது. ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் 1994இல் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் நம் தாமிரபரணிக் கரைக்காரர்தான். கிராமத்துக் களத்தை மூடினால் அடுத்த கணேசன் எங்கே இருந்து வருவான்?

ஆகவே நாம் கேட்பது ஆட்டத்துக்குத் தடை அல்ல. ஆட்டக்களத்தில் துப்பாக்கிக்குத் தடை. ஒவ்வொரு தேர்தலிலும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் செய்கிறார்களே, வானம் இடிந்து விழுந்துவிட்டதா? ஓட்டுப்பெட்டிக்குக் கொடுக்கும் மரியாதையை நம் பிள்ளைகளின் உயிருக்கும் கொடுக்கட்டும். களக்காடு, நாங்குநேரி, ஏர்வாடி, திருக்குறுங்குடிப் பக்கத்துக் கொடைகளுக்கும் பொங்கல் போட்டிகளுக்கும் யாருக்கும் விசேஷ அனுமதி தரப்படமாட்டாது என்று ஜில்லா கலெக்டர் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். மீறியவர் இரண்டாயிரம் ரூபாயைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போக விடக்கூடாது. நிபந்தனையை மீறினால் லைசென்ஸையே ரத்துசெய்ய 17வது பிரிவு அதிகாரம் கொடுத்திருக்கிறது, அதை உபயோகிக்கட்டும். சோதனை போடுவதானால் மேடையிலிருந்து தொடங்கட்டும். தலைமை தாங்குகிறவர், கோப்பை கொடுக்கிறவர், அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறவர் ஆகியோரைத் தடவிப் பார்த்த பிறகு கடைசி வரிசைக் கூலிக்காரனிடம் வரட்டும்.

நம் இளைஞர் மன்றங்களுக்கும் வேலை இருக்கிறது. போட்டி நோட்டீஸில் நுழைவுக் கட்டணம், பரிசு விவரத்துக்குப் பக்கத்திலேயே, எந்த ஆயுதத்தோடும் யாரும் வரக்கூடாது, லைசென்ஸ் இருந்தாலும் கூடாது என்று அச்சடிக்க வேண்டும். களத்துக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டு, தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் அரிவாள், கத்தியைப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வரும்படி தொண்டர்களை நிறுத்த வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் கருவி அவரவர் கையில். கோப்பை கொடுக்கத் துப்பாக்கியோடு வருகிறவர்தான் கிடைப்பார் என்றால் கோப்பையை ஊரில் மூத்த கபடிக்காரர் கையால் கொடுக்கலாம். அவர் பணம் தரமாட்டார்தான். கோப்பை கொஞ்சம் சின்னதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கோரிக்கைகளை எழுதிய மனுவைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் நேரில் கொடுக்க வேண்டும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் மில் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கலாம். ஒரே ஊரில் இரண்டு தெருவுக்கு இரண்டு அணி இருந்தால், இரண்டு அணியின் காப்டன்களும் ஒரே தாளில், ஒருவர் பெயருக்குக் கீழே ஒருவராகக் கையெழுத்துப் போடட்டும்.